இரண்டு உலகங்களுக்கும் ஓர் உரையாசிரியர்

மழை விட்டதும் ஈசல் கிளம்புவதுபோல, தொலைக்காட்சியில் இணை உலகங்களைப் பற்றிய தொடர் ஒன்று ஆரம்பித்த கையோடு எங்கள் நாட்டில் ஓர் இனம் கிளம்புகிறது. ஈசலுக்காவது ஒரு பொழுதுதான் ஆயுள். இந்த இனம் தொடர் முடியும்வரை இருக்கும். மறுஒளிபரப்பு உண்டென்றால் அதற்கப்பாலும் இருக்கும். ஆணில் உண்டு, பெண்ணில் உண்டு, படிக்காதவரில் உண்டு, மிகப் படித்தவரில் தேவைக்கு மேல் உண்டு. இவர்களும் தொடர் பார்ப்பவர்கள்தானே என்று நீங்கள் நினைத்தால், அது தவறு. தொடர் பார்ப்பவர் அழுகிறார், சிரிக்கிறார், ராம்யோன் நூடுல்ஸ் கிண்ணத்தை மடியில் கவிழ்த்துக்கொள்கிறார், பாதியில் தூங்கிப்போகிறார். இவர் இதில் எதையும் செய்வதில்லை. இவர் உரை செய்கிறார். பதவுரை, பொழிப்புரை, அதற்கு மேலே ஒரு விசேடவுரை. பழங்காலத்து உரையாசிரியர்களுக்கு ஓலை இருந்தது. இவருக்கு எதிரில் அகப்பட்டவரின் காது இருக்கிறது. ஆகவே இந்த இனத்தை உரையாசிரியர் என்றே அழைப்போம்.

இந்தப் பருவத்துத் தொடரின் கதை இதுதான். உலகம் இரண்டு. இரண்டிலும் சோல் நகரம் உண்டு, நடுவே ஹான் ஆறு உண்டு, வீட்டு வாடகையைப் பற்றிய கவலை உண்டு. கதாநாயகி இங்கே நீதிபதி. அங்கே அவளே சந்தையில் குச்சியில் செருகிய மீன் அப்பம் விற்கிறாள். மூடிக் கிடக்கும் ஒரு பழைய பேரங்காடியின் லிஃப்ட், மழை பெய்யும்போது மட்டும் இந்த உலகத்திலிருந்து அந்த உலகத்துக்குப் போகும். கதாநாயகியின் அண்ணன் முதல் வாரமே இங்கே ஆற்றில் விழுந்து இறந்துபோகிறான். அங்கே அவன் உயிரோடு இருக்கிறானா என்று தேடிப் போகிறாள் தங்கை. அவ்வளவுதான். சாதாரண மனிதர் ஒருவர் இதைப் பேருந்து வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். உரையாசிரியர் சொல்லத் தொடங்கினால் பேருந்து வரும், போகும், அடுத்ததும் வரும், அதிலும் நீங்கள் ஏற முடியாது. ஏனென்றால் அவர் உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவர் எப்போதும் ஒரு வாக்குறுதியோடு தொடங்குவார். "நான் கதைய சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க." இதைக் கேட்டு நிம்மதி அடைபவர் அனுபவமில்லாதவர். கதையைத்தான் சொல்ல மாட்டார்; கதைக்கு அடியில் இருப்பதை, பின்னால் இருப்பதை, எழுதியவருக்கே தெரியாமல் அதற்குள் இருப்பதையெல்லாம் சொல்லுவார். அந்த உலகத்தில் எல்லோரும் கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறார்கள், கவனித்தீர்களா? கவனிக்கவில்லை என்று சொன்னால் உங்கள்மீது இரக்கம் கொள்வார். கவனித்தேன் என்றால் இன்னும் ஆபத்து. அப்படியானால் மூன்றாம் வாரம் வந்த பேரங்காடிக் காவலாளி மட்டும் ஏன் கடிகாரமே கட்டவில்லை என்று கேட்பார். உங்களுக்கு விடை தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குக் கருத்து இருக்கிறது.

வீட்டில் அவரோடு உட்கார்ந்து தொடர் பார்ப்பது என்பது, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மலையேறுவது. ரிமோட் அவர் கையில் இருக்கும். கதாநாயகி கண்ணீர் விடப்போகும் நேரம் பார்த்துப் படத்தை நிறுத்துவார்.

"இப்ப என்ன பார்த்தே?" என்பார் மனைவியிடம்.

"எங்க பார்த்தேன்? அதுக்குள்ள நிறுத்திட்டீங்களே."

இது குறையாகச் சொல்லப்பட்டது என்பது அவருக்குப் புரியாது. சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு, பின்னோக்கி ஓட்டிக் காட்டுவார்.

சாப்பாட்டு மேசை இவருக்கு வரைபடம். கிம்ச்சி ஊறுகாய்த் தட்டு இந்த உலகம். முளைகட்டிய சோயாத் தட்டு அந்த உலகம். இடையில் வைத்த மிளகாய் விழுதுக் கிண்ணம்தான் லிஃப்ட். கதாநாயகியாக ஒரு நெத்திலிக் கருவாடு, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே போய்வந்துகொண்டிருக்கும். நீங்கள் பசியோடு கிம்ச்சிக்குச் சாப்பாட்டுக் குச்சியை நீட்டினால், "கொஞ்சம் இருங்க, அங்கதான் நீதிமன்றம் இருக்கு" என்று தடுப்பார். நீதிமன்றத்தைத் தின்னக் கூடாதுதான். ஆனால் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்றை எனக்குத் தெரியும். தேஜான் நகரில் எங்கள் அடுக்ககத்தின் வாசலிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தோ பியங்சிக்தான் அவர். உரையாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. முடிதிருத்துபவரிடம் தலையை ஆட்டித் தப்பிக்கலாம், டாக்ஸிக்காரரிடம் முன்கூட்டியே இறங்கிக்கொள்ளலாம். கண் பரிசோதிக்கும் கருவியில் தாடையை வைத்து நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பவர் எங்கே போவார்? அசையக் கூடாது. பேசினால் தாடை அசையும். இமைத்தால் அளவு தப்பும். "இதுல தெளிவா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று ஒரு வில்லையை மாற்றி இன்னொரு வில்லையைப் போடுவார்; நீங்கள் "முன்னாடி போட்டதே" என்று பல்லைக் கடித்தபடி சொல்லுவீர்கள்; "இதேமாதிரிதான், அந்தத் தங்கச்சி லிஃப்ட்ல இருந்து இறங்கினதும்..." என்று அவர் இறங்கிவிடுவார். கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி ஒன்று தளர்ந்திருக்கிறது என்று நான் ஒருநாள் காலை அந்தக் கடைக்குள் போனேன். வெளியே வந்தபோது மதிய உணவு நேரம் தாண்டிவிட்டது. திருகாணி அப்படியே இருந்தது.

பார்வையைத் தொழிலாகக் கொண்டவர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், பல் வைத்தியர் இனிப்பே சாப்பிட மாட்டார் என்றும் எதிர்பார்ப்பீர்கள்.

இவரிடம் நான் கண்ட முரண்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நேரில் நிற்கும் மனிதர்களின் செய்தி எதுவும் இவருக்குள் தங்காது. ஒரே மகள் ஹேவோன் வேலையை மாற்றிக்கொண்ட செய்தி, அவள் வீட்டில் சொல்லியும், இவர் தலையாட்டிக் கேட்டும், இவரை எட்டவில்லை. பழைய அலுவலகத்து வாசலில் குடையோடு போய்க் காத்திருந்து திரும்பினார். ஆனால் தொடரில் வரும் மீன் அப்பக் கடையில் எந்த வாரம் என்ன நிறத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தது என்று கேளுங்கள். உடனே சொல்வார்.

அந்த ஹேவோனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போல் இருந்தது. பையன் இன்ஹோ, நல்ல பையன். இனி நடக்க வேண்டியது இரு வீட்டாரும் முதன்முதலாகச் சேர்ந்து சாப்பிடும் அந்தச் சந்திப்புதான். எங்கள் ஊரில் கல்யாணங்கள் மண்டபத்தில் நடக்கின்றன. நின்றுபோகிற கல்யாணங்கள் எல்லாம் இந்தச் சாப்பாட்டில்தான் நின்றுபோகின்றன. தனி அறை, வெள்ளை மேசைவிரிப்பு, எல்லோரும் முதுகை நிமிர்த்தி, ஒருவர் வீட்டுப் பிள்ளையை மற்றவர் புகழ்ந்து, தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று தானே சத்தியம் செய்ய வேண்டும். வானிலையைப் பற்றிப் பேசலாம். சாலை நெரிசலைப் பற்றி, எச்சரிக்கையோடு, பேசலாம். எங்கள் மாடியில் ஒரு பெண்ணின் மாமா, "நெரிசல் உங்க ஊர்ப் பக்கம் வந்தப்புறம்தாங்க" என்று சொன்னதில் ஒரு கல்யாணம் நின்றது. அந்தப் பெண் இன்னும் அந்த மாமாவோடு பேசுவதில்லை.

ஹேவோனின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. இன்ஹோவுக்கு அப்பா இல்லை. அம்மா கும்ஜா ஒரு சலவைக்கடை நடத்தி அவனைப் படிக்கவைத்தவர். யாரையும் குறை சொல்லாதவர். ஆனால் அப்பாவின் இடத்தில் வரப்போகிறவர் பெரியப்பா. சம்பிரதாயத்துக்குப் பேர்போன அந்தோங் பக்கத்து மூத்த குடும்பத்தின் மூத்தவர். திதி, படையல் எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவர். கல்யாணத்துக்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஆளுங்களைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு பூசணிக்காய்கூட நறுக்கப்படாது.

ஆகவே ஹேவோன் அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரே ஒரு உதவி. அந்த லிஃப்டைப் பத்தி அங்க பேசாதீங்க."

"எந்த லிஃப்ட்?"

"அப்பா."

"சரி, பேசல. அண்ணனைப் பத்தி?"

"அண்ணனைப் பத்தியும் வேண்டாம்."

பியங்சிக் வாக்குக் கொடுத்தார். அவர் மனைவி மிரான் வாக்குறுதிகளில் நம்பிக்கை வைக்காதவர். தான் அவருடைய இடதுபக்கம் உட்காருவதாகவும், மேசைவிரிப்புக்கு அடியில் அவருடைய தொடை தன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்துகொண்டார்.

இதற்குமேல் நடந்தது நான் நேரில் பார்த்ததல்ல. மிரான் என் மனைவியிடம் பொதுக் குளியல்கூடத்தில் சொன்னது ஒன்று, பியங்சிக் என்னிடம் கடையில் சொன்னது ஒன்று. அவை இரண்டு வெவ்வேறு உலகங்கள். இரண்டிலும் ஒத்துப்போகிறவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தொடரின் கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் முடிந்திருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் இருக்கிறானா இல்லையா என்பது இன்னும் வெளியாகாத நேரம். உணவகம் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். நல்ல மழை. பெரியப்பா உள்ளே வந்து, வணங்கி, உட்கார்ந்து, கைக்குட்டையால் தோளைத் துடைத்தபடி சொன்ன முதல் வார்த்தை இது:

"மழையும் பெய்யுது, லிஃப்டும் வர மாட்டேங்குது."

மிரானின் விரல்கள் உடனே தொடையில் பதிந்தன. பியங்சிக் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு, "ஆமாங்க, மழைதான்" என்றார். தன் கல்யாண நாளில்கூட அவர் இவ்வளவு கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டதில்லை என்று மிரான் சொல்கிறார்.

வழக்கப்படி எல்லாம் நடந்தது. எங்கள் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்றார் மிரான். எங்கள் பையன் தரையில் துணியைப் போடுவான் என்றார் கும்ஜா. வானிலை பேசப்பட்டது. சாலை பேசப்பட்டது. மீன் நன்றாக இருந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பெரியப்பா எதற்கும் தலையசைக்கவில்லை. குச்சியைச் சத்தமில்லாமல் வைத்தார், எடுத்தார். கடைசியாகப் பித்தளைக் கிண்ணங்களில் சோறு வந்தது, குவித்து, ஆவி பறக்க. அப்போதுதான் அந்தப் பேராபத்து வந்தது: பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அறையில் மௌனம் விழுந்தது. மழைச் சத்தம் மட்டும்.

மௌனத்தை மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். உரையாசிரியரால் பொறுக்க முடியுமா? தன் மகளின் வாழ்க்கை அந்த மௌனத்தில் மூழ்கிக்கொண்டிருப்பதாக பியங்சிக் உணர்ந்தார். காப்பாற்ற வேண்டும். தன்னிடம் இருந்த ஒரே கயிற்றை வீசினார்.

"உலகம் ரெண்டு இருக்குன்னு வெச்சுக்குங்க, சம்பந்தி."

தொடை கிள்ளப்பட்டது. பயனில்லை, அவர் ஏற்கெனவே லிஃப்டில் ஏறிவிட்டார். தன் சோற்றுக் கிண்ணத்தை முன்னால் நகர்த்தினார், இது நம்ம உலகம். கை நீட்டி, பெரியப்பாவின் சோற்றுக் கிண்ணத்தை அவருக்கு முன்னாலிருந்து இழுத்து மேசையின் நடுவே வைத்தார், இது அந்த உலகம். நீதிபதியைச் சொன்னார், மீன் அப்பத்தைச் சொன்னார், கடிகாரத்தைச் சொன்னார், காவலாளியைக்கூட விடவில்லை. பிறகு அண்ணனுக்கு வந்தார். தன் பித்தளைக் கரண்டியை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் அண்ணன். இங்க ஆத்துல போயிட்டான். சரியா? அப்ப, அங்க..."

என்று சொல்லி, கரண்டியைப் பெரியப்பாவின் சோற்றுக் குவியலில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினார்.

அது உறுதியாக நின்றது. நல்ல சோறு.

குவித்த சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்துவது எங்கள் ஊரில் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. திதியன்று, வாசல் கதவைத் திறந்துவைத்து, இறந்துபோனவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி. பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார். வயதுக்கு நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தார்.

ஹேவோன் கண்ணை மூடிக்கொண்டாள். இன்ஹோ மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிரானின் விரல்கள் கிள்ளுவதை நிறுத்தின. இனிக் கிள்ளி என்ன? பியங்சிக் தன் கையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், கிண்ணம் யாருடையது என்று பார்த்தார். வரைபடம் திடீரென்று சோறாகிவிட்டது. கரண்டியைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"விடுங்க," என்றார் பெரியப்பா. கையை எடுத்தார் இவர். பெரியப்பா தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, கரண்டியைக் கூர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"கரண்டிக் குழி கிழக்கப் பார்த்து இருக்கணும். இது மேற்கப் பார்க்குது."

இது கோபமா, கேலியா, வெறும் தகவலா என்று அந்த அறையில் யாருக்கும் விளங்கவில்லை. அந்தோங்காரர்களிடம் இந்த மூன்றும் ஒரே குரலில்தான் வரும். மிரான் கைப்பையைத் தேடத் தொடங்கினார், எழுந்து போவதற்கு வசதியாக.

அப்போதுதான் இன்ஹோவின் அம்மா வாயைத் திறந்தார்.

"பாதியில நிறுத்திட்டீங்களே, சம்பந்தி. அங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கும்ஜா மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் பார்க்கறேன் அந்தத் தொடரை. கடையைச் சாத்திட்டு, தனியா. எங்க வீட்டுக்காரர் போனதும் இப்படி ஒரு மழை நாள்லதான். அதனால பார்க்கறேன்னு வெச்சுக்குங்களேன்." மேசைவிரிப்பை நீவிவிட்டார். "ஹேவோன் எப்பவும் பெருமையா சொல்லும், எங்க அப்பாகிட்ட கேட்டா எல்லாம் சொல்லுவார்னு. அதான் கேக்கறேன். அந்த அண்ணன், அந்தப் பக்கம் இருக்கானா?"

வாசகரே, பியங்சிக்கின் கணிப்பு என்ன என்பது எங்கள் அடுக்ககத்தில் எல்லா மாடிக்கும் தெரியும். அண்ணன் அங்கேயும் இல்லை. இரண்டு உலகத்திலும் செத்தவன் அவன் ஒருவன்தான். தொடரின் முழு ரகசியமும் அதுவே. அங்கே வீட்டு வாசலில் அவனுடைய செருப்பு எந்த வாரமும் இடம் மாறவில்லை, சுவர்ப் படத்தில் அவன் தோளில் ஒரு நிழல், தங்கை கதவைத் தட்டும்போது நாய் குரைப்பதில்லை. இவற்றைத் தொடரின் ரசிகர் மன்றத்தில் அவர் எழுதி, முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த உரை அது. இதுவரை எதிரில் இருந்தவர்கள் யாரும் கேட்காமலே சொன்னார். இப்போது, முதன்முதலாக, ஒருவர் தானாகவே கேட்கிறார், காத்திருக்கிறார், முழுக் காதையும் கொடுத்துக் காத்திருக்கிறார். எந்த உரையாசிரியருக்கு வாய்க்கும் இப்படி ஒரு நேரம்?

பியங்சிக் வாயைத் திறந்தார். செருப்பு நாக்கின் நுனிவரை வந்தது. அவர் கும்ஜாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, ரொம்ப நேரம், சோற்றைப் பார்த்தார்.

"தெரியலீங்க, சம்பந்தியம்மா," என்றார். "அது எனக்கே பிடிபடல. கடைசி வாரம் பார்த்தாத்தான் தெரியும்."

அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்ததாக மிரான் சொல்கிறார். வாய் ஒருபக்கம் கோணியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாராம். கோணவில்லை. மனிதர் நேராகத்தான் இருந்தார். வேர்த்துப்போய், வெளிறிப்போய், பெரிய மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்பவரைப்போல.

"அப்ப இருக்கலாம்," என்றார் கும்ஜா.

"இருக்கலாம்," என்றார் பியங்சிக்.

பெரியப்பா தம்பி மனைவியை ஒருமுறை பார்த்தார். பியங்சிக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டி, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கரண்டியைப் பிடுங்கி, அதே கரண்டியால் அதே சோற்றை அள்ளிச் சாப்பிட்டார்.

"ஆறிப்போச்சு," என்றார். மென்று விழுங்கிவிட்டு, "இலையுதிர் காலத்துல வெச்சுக்கலாமா, வசந்தத்துலயா?" என்று கேட்டார்.

ஹேவோன் கண்ணைத் திறந்தாள்.

கடைசி வாரமும் வந்துபோயிற்று. அண்ணன் இருந்தானா இல்லையா என்பதை நான் சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் இருக்கலாம். தொடர் முடிந்த மறுநாள் நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறையாக. பியங்சிக் அமைதியாகத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா தொலைபேசியில் கூப்பிட்டதாகச் சொன்னார். கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று அவர் இவருக்கு விளக்கினாராம். ஆரம்பத்திலிருந்து. லிஃப்டிலிருந்து. காவலாளியையும் சேர்த்து.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"முழுக்கத் தப்பு," என்றார் அவர், கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி. "ஒரு வரிகூடச் சரியில்ல. ஆமாங்க ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

இத்தனையும் உங்களுக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மழை பெய்தால்தான் ஓடும் அந்த லிஃப்டுக்கு, கட்டடத்துக்குள்ளே இருந்துகொண்டு வெளியே மழை பெய்வது எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றவில்லை என்றால், நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். போய் உங்கள் வேலையைப் பாருங்கள். படிக்கும்போதே தோன்றி, அதற்கு ஒரு விடையும் தோன்றி, அந்த விடை காவலாளியின் கடிகாரத்தையும் விளக்கிவிடுகிறது என்பது புரிந்து, இப்போது அதைச் சொல்வதற்காகத் தலையை நிமிர்த்துகிறீர்கள் என்றால், ஒரு நிமிடம். பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். சட்டென்று கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு "சொல்லுங்க" என்கிறாரே, அது அடித்தது உங்களுக்குக் கேட்டதா?